தாளிக்காத வீடுகள்

1

கப்பல் ஏறாமலே வெளிதேசத்துக்காரன் ஆனவன் நான். ரங்கூனுக்கும் பினாங்குக்கும் போனவர்கள் எழுதுகிற கடிதங்களை நம் ஜில்லாப் பத்திரிகையில் நீங்கள் படித்திருப்பீர்கள். அவர்கள் கடலைத் தாண்டினார்கள், நான் கடலூரைத் தாண்டினேன். திருநெல்வேலியிலிருந்து ரயில், கடலூர் ரயிலடியிலிருந்து ஒரு மாட்டு வண்டி, வழியில் ஒரு சுங்கச் சாவடி, அதைத் தாண்டி ஒரு கரும்புத் தோட்டம். தோட்டத்துக்கு இந்தப் பக்கம் ஆங்கிலேயர் ராஜ்யம், அந்தப் பக்கம் பிரெஞ்சுக்காரர் ராஜ்யம். கரும்புக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்குத்தான் அன்றைக்கே சட்டமும் பேச்சும் மாறிப்போயின.

போன வியாழக்கிழமையோடு நான் பாகூருக்கு வந்து பதினான்கு வருஷம் முடிந்தது. இங்கே ஒரு தர்ம மருந்துச்சாலை இருக்கிறது. அதில் மருந்து கலந்து கொடுப்பதும், சுற்று வட்டாரக் கிராமங்களில் மருந்து கொடுக்கப் போகிறவர்களுக்கு வகுப்பு எடுப்பதும் என் வேலை. அன்று காலை வகுப்பை முடித்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு நடந்தேன். பதினான்காவது வருஷம் என்பதால் சொதி வைக்கிறேன் என்று என் மனைவி செண்பகம் சொல்லியிருந்தாள். தேங்காய்ப் பால் சொதியை நினைத்துக்கொண்டே தெருவில் திரும்பினேன்.

வாசலில் கால் வைத்ததும் நின்றுவிட்டேன். அடுப்புப் புகை வந்துகொண்டிருந்தது. தாளிப்பு வாசனை வரவில்லை.

கடுகு இல்லை, கறிவேப்பிலை இல்லை, எண்ணெய் காய்ந்த மணம் இல்லை. பன்னிரண்டரை மணிக்கு என் வீட்டில் அப்படி இருந்ததே கிடையாது. எனக்கு ஒரே பெண் கோமதி, பதினோரு வயது. கதவைத் தட்டக் கை எழவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ தெரியாது. தாளிப்பு வாசனை வரவில்லை என்பதற்காக ஒரு மனிதன் தன் வீட்டு வாசலில் கதவைத் தட்டாமல் நிற்பானா என்று கேட்பீர்கள். நிற்பான். அதைச் சொல்ல நான்கு வருஷம் பின்னால் போகவேண்டும்.

2

அதற்கு முன் இந்த ராஜ்யத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் பின்னால் நான் சொல்வதை நம்பமாட்டீர்கள்.

இங்கே எல்லாவற்றுக்கும் ஒரு படிவம் உண்டு. எந்தப் படிவத்திலும் எந்தக் கட்டமும் காலியாக இருக்கக் கூடாது. வந்த புதிதில் அந்நியர் பதிவுக்காகக் கொம்யூன் கச்சேரிக்குப் போனேன். நம் பக்கத்துப் பஞ்சாயத்துக்கு இங்கே கொம்யூன் என்று பெயர். அங்கே அந்துவான் என்று ஒரு குமாஸ்தா. சாம்பல் நிறக் கோட்டும் மூக்குக் கண்ணாடியுமாக இருந்த நம்மவர்தான். படிவத்தில் ஒரு கட்டத்தைக் காட்டி, "கப்பல் பேரு இன்னா?" என்றார்.

"கப்பலில் வரவில்லை ஐயா. மாட்டு வண்டியில் வந்தேன்."

"அது எனக்கும் தெரியும். கட்டம் காலியா இருந்தா மேல வாங்க மாட்டாங்க."

"அப்படியானால் என்ன செய்வது?"

அவர் யோசித்தார். "மாட்டுக்குப் பேரு இருக்குதா?"

வண்டிக்காரன் வலது மாட்டைச் செவலை என்று கூப்பிட்டது ஞாபகத்தில் இருந்தது. அந்துவான் அதையே அழகான எழுத்தில் எழுதி முத்திரை குத்தினார். பிரெஞ்சு சர்க்கார் தஸ்தாவேஜுகளில் 'செவலை' என்ற கப்பலில் வந்து இறங்கியவனாக நான் இன்றைக்கும் இருக்கிறேன்.

பேச்சில் நான் பட்ட பாடு தனி. முதல் நாள் வகுப்பில் கரும்பலகையில் ஏதோ தப்பாக எழுதிவிட்டு, நம் வழக்கப்படி, "சவம், அதை விடுங்க" என்றேன். எட்டு மாணாக்கர்களும் எழுந்து நின்றுவிட்டார்கள். "யாரு முசே செத்துட்டாங்க?" என்று ஒருவர் கேட்டார். முசே என்றால் இங்கே ஐயா என்று அர்த்தம். நம்மூரில் செல்லமாகத் திட்டுகிற வார்த்தையைச் சொல்லி ஒரு வகுப்பையே துக்கம் காக்க வைத்தவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பிரெஞ்சு இன்னும் மோசம். அந்த பாஷையில் காய்ச்சலுக்கு ஒரு சொல் உண்டு. அதன் முதல் எழுத்தைக் கீழ் உதட்டைப் பல்லால் தொட்டு ஊதவேண்டும். நம் வாய்க்கு அது வராது, 'ப' என்றுதான் வரும். 'ப' என்று சொன்னால் அது கடலில் இருக்கிற எட்டுக் கால் பேய்க்கணவாயின் பெயராகிவிடும். பாகூர் ஏரிக் கரையில் இருபது பேரைப் பேய்க்கணவாய் பிடித்திருக்கிறது என்று ஒரு பெரிய உத்தியோகஸ்தரிடம் நான் கவலையோடு தெரிவித்தது உண்டு. அவரும் கவலையோடு கேட்டுக்கொண்டார்.

இதெல்லாம் போகட்டும். என் பெண் பேசுகிற பேச்சுதான் எனக்கு ஆறவில்லை. "இன்னாப்பா", "வூட்டுக்கு வா", "அவங்க பூட்டாங்க" என்பாள். 'வீடு' என்று சொல்லு, 'வீடு' என்று பத்துத் தடவை திருத்தியிருக்கிறேன். "சரிப்பா, வீடு" என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷம் "வூட்டுல யாரும் இல்ல" என்பாள். செண்பகம், "ஏட்டி, ஊருக்குப் போனா சிரிக்கப் போறாவ" என்று தலையில் குட்டுவாள். எந்த ஊருக்கு என்று கோமதி ஒரு நாள் நிஜமாகவே கேட்டாள். அன்றைக்கு நான் ஒரு சபதம் எடுத்தேன். யார் எப்படிப் பேசினாலும் என் வாயிலிருந்து 'வூடு' என்ற சொல் வராது. அதைக் காப்பாற்றியும் வந்தேன்.

3

நான் வகுப்பில் எடுக்கிற பாடங்களில் எனக்கு உயிரானது ஒன்றுதான்: புதிதாகக் கிளம்புகிற தொற்று நோய்கள். அது ஏன் உயிரானது என்று முதல் நாளே மாணாக்கர்களிடம் சொல்லிவிடுவேன்.

ஐரோப்பியச் சண்டை முடிகிற சமயத்தில் விஷ ஜுரம் வந்ததே, ஞாபகம் இருக்கும். நான் அப்போது பாளையங்கோட்டையில் ஒரு மருந்துக் கடையில் கம்பவுண்டர். ஒரு வாரமாக இருமல் மருந்து கலந்து கலந்து கை வலித்தது. ஒரே தெருவிலிருந்து ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். நானும் புட்டியில் ஊற்றிச் சீட்டு ஒட்டிக் கொடுத்தபடி இருந்தேன். எல்லோரும் ஒரே தெருக்காரர்கள் என்பது என் மண்டையில் ஏறவில்லை. அது நான் குடியிருந்த தெரு. என் தம்பி சங்கரன் படுத்தபோதுதான் ஏறியது. மூன்றாம் நாள் அவன் போய்விட்டான். அவனுக்குப் பத்தொன்பது வயது. டாக்டர் வீட்டுக்குள்ளிருந்து நோயைப் பார்ப்பதற்கு ஒரு வாரம் முன்னால் மருந்து கொடுக்கிறவன் மேஜைக்கு இந்தப் பக்கத்திலிருந்து அதைப் பார்த்துவிட முடியும். நான் பார்க்காமல் விட்டுவிட்டேன். இதைச் சொல்லாமல் பாடத்தை ஆரம்பிக்க எனக்கு மனம் வராது. அதனால்தான் முதல் நாளே சொல்லிவிடுவேன்.

ஆகவே என் பாடம் மிகவும் சுருக்கமானது. புது நோய் தன் பெயரைச் சொல்லிக்கொண்டு வராது. ஏதாவது பழைய நோயின் சட்டையைப் போட்டுக்கொண்டு வரும். அதனால் பெயரைத் தேடாதே, எண்ணு. எந்த ஊரிலிருந்து எத்தனை பேர் எந்த மருந்துக்கு வந்தார்கள் என்று எண்ணு. மருந்துச்சாலைச் சுவரில் கரும்பலகை ஒன்று மாட்டி, ஊருக்கு ஒரு வரிசை ஒதுக்கியிருந்தேன். காய்ச்சல் மருந்தான கொயினாவுக்கு ஒரு கோடு, பேதி மருந்துக்கு ஒரு கோடு, இருமலுக்கு ஒரு கோடு. திங்கட்கிழமைதோறும் மாணாக்கர்கள் அதன் முன்னால் உட்கார்ந்து எந்த ஊரில் கோடுகள் அதிகம் என்று பார்ப்பார்கள். இந்த ஏற்பாட்டில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு.

நான்கு வருஷத்துக்கு முன் மாசி மாதம். மகத்துக்கு இன்னும் ஒன்பது நாள். மாசி மகத்தன்று இந்தப் பக்கத்து ஊர்கள் எல்லாம் சுவாமியை எடுத்துக்கொண்டு திருக்காஞ்சி ஆற்றுக்கும் புதுச்சேரிக் கடற்கரைக்கும் போகும். அத்தனை ஊர் ஜனங்களும் ஒரே நாளில் ஒரே தண்ணீரில் முழுகுவார்கள். அந்தத் திங்கட்கிழமை பலகையைப் பார்த்தேன். செலியமேட்டு வரிசையில் இரண்டு வாரமாக ஒரு கோடு கூட இல்லை.

"பாருங்கள், செலியமேடு! ஒரு காய்ச்சல் இல்லை, ஒரு இருமல் இல்லை. ஊர் என்றால் இப்படி இருக்கவேண்டும்" என்றேன்.

கடைசி வரிசையில் பிலோமினா எழுந்து நின்றாள். முப்பது வயசுக்காரி. வில்லியனூர் மாதா கோயில் பக்கம் பிறந்து, செலியமேட்டில் கரும்பு வெட்டுகிற குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவள். கன்னியாஸ்திரீகளிடம் மருத்துவச்சி வேலை கற்றுக்கொண்டு, மருந்து கொடுக்கவும் படிக்கவேண்டும் என்று தினம் நடந்து வந்துகொண்டிருந்தாள். வகுப்பில் அதிகம் பேசமாட்டாள்.

"முசே, அந்த ஊரு நல்லா இல்ல."

"ஏன்?"

"தாளிப்பு வாசனை வரல முசே."

மற்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"நான் மத்தியானம் இங்கேர்ந்து வூட்டுக்குப் போறேன் இல்ல, ஊர்த் தெரு ஓரமாத்தான் போவணும். எல்லா வூட்லயும் கொழம்பு தாளிக்கிற நேரம் அது. நாலு நாளா பத்தொம்போது வூட்ல தாளிக்கல. அடுப்பு எரியுது, பொகை வருது. தாளிப்பு மட்டும் வரல."

நான் சிரிப்பை நிறுத்தினேன். ஏன் என்று உங்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. நம் பக்கத்திலும் அதே வழக்கம்தானே. வீட்டில் அம்மை போட்டிருந்தால் தாளிக்கமாட்டார்கள். கடுகு வெடித்தால் அம்மாளுக்கு ஆகாது. மருந்து கொடுக்கமாட்டார்கள், வெளியே சொல்லமாட்டார்கள், யாரையும் உள்ளே விடமாட்டார்கள். மருந்து வாங்காத வீட்டுக்கு என் பலகையில் ஏது கோடு? நோய் முற்றிய ஊரைத்தான் நான் ஆரோக்கியமான ஊர் என்று மெச்சிக்கொண்டிருந்தேன்.

"யார் யார் படுத்திருக்கிறார்கள் என்று உள்ளே போய்ப் பார்த்தாயா?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் எப்பேர்ப்பட்ட கேள்வி என்று உறைத்தது.

"அந்த வூட்டுக்குள்ளல்லாம் எங்கள வுட மாட்டாங்க முசே," என்றாள் சாதாரணமாக. "வாசனைக்கு யாரு தடை போட முடியும்?"

"பத்தொன்பது என்று எப்படி அவ்வளவு நிச்சயமாகச் சொல்கிறாய்? எண்ணெய் இல்லாததால் தாளிக்காமல் இருக்கலாமே?"

"எண்ணெய் இல்லாத வூட்ல என்னைக்குமே தாளிக்க மாட்டாங்க. அதுங்கள நான் எண்ணல. எங்க வூட்டையே எண்ணல. முந்தி தாளிச்சிட்டு இப்ப நிறுத்தின வூடு மட்டுந்தான் எண்ணினேன். சாவு வூடு ஒண்ணு இருக்குது, அதையும் எண்ணல. அங்க அடுப்பே எரியல."

மதராசில் பெரிய பெரிய ஆசிரியர்களிடம் நான் பாடம் கேட்டிருக்கிறேன். எதை எண்ணவேண்டும், எதை எண்ணக் கூடாது என்று இவ்வளவு தெளிவாக எனக்கு ஒருவரும் சொல்லித் தந்ததில்லை. நான் சாக்குக் கட்டியைக் கீழே வைத்துவிட்டு அவள் முகத்தையே பார்த்தேன். மற்ற ஏழு பேரும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

4

அன்றைக்கே புதுச்சேரிக்கு அறிக்கை அனுப்பினேன். வியாழக்கிழமை திரும்பி வந்துவிட்டது. 'நோயின் பெயர்' என்ற கட்டத்தைக் காலியாக விட்டிருந்தேன். அதைச் சிவப்புப் பென்சிலால் வட்டமிட்டு, பெயரில்லாத நோயை ஏற்பதற்கில்லை என்று எழுதியிருந்தார்கள்.

எழுதினால் பெரியம்மை என்று எழுதியிருக்கலாம். ஆனால் நான் பார்க்காத நோய்க்கு எப்படிப் பெயர் வைப்பது? பெயரைத் தேடாதே என்று சொல்லிக்கொடுத்தவனே நான்தானே. பிலோமினா கேள்விப்பட்டதும் குழப்பமாக இருந்தது. முதலில் மூட்டு வலியாம், பிறகு காய்ச்சலாம், பிறகு உடம்பில் போடுகிறதாம். ஆனால் முத்து முத்தாக இல்லையாம். பழைய அம்மையா, அதன் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்த வேறொன்றா? மகத்துக்கு ஆறு நாள்தான் இருந்தது. சங்கரன் படுத்த வாரம் மறுபடி வந்துவிட்டது போல எனக்கு இருந்தது.

பிலோமினாவை அழைத்துக்கொண்டு கச்சேரிக்குப் போனேன். அந்துவான் படிவத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"கட்டத்துல எதாச்சும் எழுதணும். கப்பல் ஞாபகம் இருக்குதில்ல?"

"தாளிக்காத வூடு பத்தொம்போதுன்னு எழுதுங்க முசே. அதானே நமக்குத் தெரிஞ்சது," என்றாள் பிலோமினா.

அந்துவான் பேனாவைத் தொட்டுக்கொண்டு நின்றுவிட்டார். தாளிப்புக்குப் பிரெஞ்சில் சொல் இல்லை. அவர்கள் தாளிப்பதில்லை, பாவம். மூன்று பேரும் அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டோம். கடைசியில் அவர் தனக்குத் தெரிந்தபடி ஒரு வாக்கியம் கட்டினார். அதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: 'செலியமேட்டில் பத்தொன்பது வீடுகளில் ஒரு வாரமாகக் கடுகு வெடிக்கவில்லை.' கட்டம் நிரம்பிவிட்டது. முத்திரை குத்தினார். எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை.

சனிக்கிழமை காலையில் மருந்துச்சாலை வாசலில் ஒரு மோட்டார் வந்து நின்றது. புதுச்சேரியிலிருந்து பெரிய டாக்டர், வெள்ளைக்காரர். முகம் வெளுத்திருந்தது. அந்த ஐரோப்பியச் சண்டையில் அவர் பதுங்கு குழிகளில் வேலை பார்த்தவராம். அங்கே எதிரிகள் விட்ட விஷப் புகை ஒன்றுக்குக் கடுகின் பெயராம். உடம்பெல்லாம் கொப்புளித்துச் சாவார்களாம். கடுகு என்ற சொல்லையும் வெடிப்பு என்ற சொல்லையும் ஒரே வரியில் பார்த்ததும் மனிதர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். நான் காய்ச்சல் என்று எழுதியிருந்தால் மேஜை மேலேயே கிடந்திருக்கும்.

நான் என் அரைகுறைப் பிரெஞ்சில் விளக்கினேன். பிலோமினா எண்ணியதை, விட்டதை, அடுப்புப் புகையை, எல்லாவற்றையும் சொன்னேன். பேய்க்கணவாய் இரண்டு தடவை வந்தது, அவர் கண்டுகொள்ளவில்லை. கேட்டு முடித்ததும் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பிலோமினாவைப் பார்த்துத் தலையை நன்றாகத் தாழ்த்தினார். அவள் பயந்துபோய் என் பின்னால் ஒதுங்கினாள்.

5

செலியமேட்டில் பத்தொன்பது வீடு என்ற கணக்கு சரியாக இருந்தது. இருபது இல்லை, பதினெட்டு இல்லை. டாக்டர் ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் போய்ப் பார்த்துவிட்டு வெளியே வந்து, தெரு ஓரத்தில் நின்றிருந்த பிலோமினாவைத் திரும்பிப் பார்ப்பார். அவள் விரலால் அடுத்த வீட்டைக் காட்டுவாள். நான் பல வருஷம் படித்துக் கண்டுபிடிக்க முடியாததை, உள்ளே விடாத தெருவின் ஓரத்தில் நடந்துகொண்டே ஒருத்தி கண்டுபிடித்திருந்தாள்.

நோயைப் பார்த்த டாக்டரும் தயங்கினார். பெரியம்மையின் தூரத்துச் சொந்தம் மாதிரி இருக்கிறது, நான் இப்படிப் பார்த்ததில்லை என்றார். பெரியம்மை என்றே வைத்துக்கொண்டு சுற்றிலும் அம்மை குத்துவது, பிறகு ஆராய்வது என்று முடிவாயிற்று. ஆனால் யாரும் ஊரைவிட்டு வெளியே போகக் கூடாது. போலீசைக் கூப்பிட்டு நாலு பக்கமும் நிறுத்துகிறேன் என்றார்.

பிலோமினா என் காதோரம் வந்தாள். "முசே, போலீசு வந்தா எல்லாரும் பூடுவாங்க. தோ, அந்த வரப்பத் தாண்டினா இங்கிலீசுக்காரன் ஊரு. புள்ளைங்களத் தூக்கிக்கினு அங்க பூட்டா இவரு என்னா பண்ணுவாரு?"

"வேறு என்ன செய்வது?"

"நாட்டாமைகிட்ட சொல்லிக் காப்புக் கட்டச் சொல்லுங்க."

இதுவும் நமக்குத் தெரிந்ததுதான். மாரியம்மனுக்குக் காப்புக் கட்டிவிட்டால் ஊர் எல்லையை யாரும் தாண்டமாட்டார்கள். வெளியூர்க்காரனும் வந்து தங்கமாட்டான். எந்த சர்க்காரும் போட முடியாத காவல் அது. நாட்டாமையிடம் நான்தான் போய்ச் சொன்னேன். அவள் சொன்னதாகச் சொல்லியிருந்தால் கேட்டிருக்கமாட்டார். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று சாயங்காலமே காப்புக் கட்டினார்கள். அந்த வருஷம் மகத்துக்குச் செலியமேட்டுச் சுவாமி திருக்காஞ்சிக்குப் போகவில்லை. ஊர்க் குளத்திலேயே தீர்த்தவாரி நடந்தது.

அம்மை குத்தும் வேலையை டாக்டர் பிலோமினாவிடம்தான் ஒப்படைத்தார். அவள் ஊர்த் தெருவில் வாசல் வாசலாகப் போனாள். கதவு ஒருக்களித்துத் திறக்கும், ஒரு கை மட்டும் வெளியே வரும். இவள் வெளியே நின்றபடியே துடைத்துக் குத்துவாள். அப்போதும் யாரும் உள்ளே வா என்று சொல்லவில்லை. இவளும் எதிர்பார்க்கவில்லை. ஒரு கிழவரும் ஒரு கைக்குழந்தையும் இறந்துபோனார்கள். மற்றவர்கள் பிழைத்தார்கள். பக்கத்து ஊர் ஒன்றுக்குக் கூட அது போகவில்லை. டாக்டர் அறிக்கையில் 'நோயின் பெயர்' கட்டத்தில், 'இன்னும் தெரியாது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தைப் பார்த்ததும் மேலே வாங்கிக்கொண்டார்கள்.

நான் பாகூருக்குத் திரும்பியதும் பலகையில் ஒரு புது வரிசை போட்டேன். தாளிப்பு. அந்தப் பாடத்தை நடத்துவது பிலோமினா. நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்பேன். கோமதிக்கு அப்போது ஏழு வயது. பள்ளிக்கூடம் விட்டதும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொள்வாள். சிலேட்டில் படம் போட்டுக்கொண்டிருப்பாள். கேட்கிறாள் என்று நான் நினைத்ததே இல்லை.

6

இனி என் வீட்டு வாசலுக்கு வருகிறேன்.

கதவைத் தட்டாமலே அது திறந்தது. கோமதிதான் நின்றாள். முகத்தைப் பார்த்தேன், கழுத்தைப் பார்த்தேன், கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

"இன்னாப்பா, இப்பிடி நிக்கிறீங்க?"

"அம்மாவுக்கு என்ன?"

"அம்மாவுக்கு ஒண்ணும் இல்ல. எதிர் வூட்டுல நேத்துலேர்ந்து தாளிக்கல. அவங்க வூட்ல தாளிக்காதப்போ நாம மட்டும் தாளிக்கலாமா? அதான் அம்மாவ வேணாம்னு சொன்னேன்."

"எதிர் வீட்டில் யாருக்கு?"

"தெரியாதுப்பா. உள்ள போவல. வாசல்லேர்ந்து மோந்துதான் பார்த்தேன். காலையிலயே ஓடிப் போயி பிலோமினா அக்காகிட்ட சொல்லிட்டேன். அவங்க வந்து பார்த்துட்டுப் பூட்டாங்க. சின்னம்மைதானாம், பயப்பட வேணாமாம். அப்பாகிட்ட நான் சொல்லிக்கிறேன்னு நான்தான் சொன்னேன்."

நான் வகுப்பில் நின்றுகொண்டு பதினான்கு வருஷக் கர்வத்தோடு பாடம் எடுத்துக்கொண்டிருந்த நேரத்தில் இது எல்லாம் நடந்து முடிந்திருக்கிறது. பாளையங்கோட்டையில் எங்கள் தெருவிலும் எத்தனையோ வீடுகள் தாளிக்காமல் இருந்த நாட்கள் உண்டு. நான் அந்தத் தெருவில் பிறந்து வளர்ந்தவன், ஒரு நாளும் மோந்து பார்த்ததில்லை. என் பெண் இங்கே பிறந்தாள், இங்கே பார்க்கிறாள். அவள் எங்கள் கையைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறாள் என்றுதான் இத்தனை நாள் வருத்தப்பட்டேன். அவள் எங்கே போய்க்கொண்டிருந்தாள் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

சாப்பிட உட்கார்ந்தேன். செண்பகம் சொதியை ஊற்றினாள். தாளிக்காத சொதி வெள்ளை வெளேரென்று இலையில் ஓடியது. ஒரு வாய் வைத்ததும் கண் கலங்கிவிட்டது. சங்கரனுக்குச் சொதி என்றால் உயிர். தலையைக் குனிந்துகொண்டேன்.

"இன்னாப்பா, நல்லா இல்லையா? இன்னா இல்ல அதுல?" என்றாள் கோமதி.

"நம்ம வூட்டுல எல்லாம் இருக்குதும்மா," என்றேன்.

செண்பகம் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். கோமதி, "அம்மா, அப்பா வூடுன்னுட்டாரு!" என்று கை தட்டிச் சிரித்தாள். நான் திருத்திக்கொள்ளவில்லை.